அப்பா ஏன் கோயில் வாசலோடு நின்றார்

அம்மா இறந்த பிறகு அப்பா சாப்பிடுவதைக் குறைத்தார், பேசுவதைக் குறைத்தார், கடைசியில் சாமி கும்பிடுவதையும் விட்டுவிட்டார். போன வருடம் தீபாவளி முடிந்த மழைக்காலம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தினமும் விளக்கேற்றியவர், வாசல்வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார். நான் திருநீறு பூசப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"என்ன பெரியவரே, ஆத்தாகூட சண்டையா? அவளும் ஒங்கள மாதிரி பிடிவாதக்காரிதான் லா," என்று கோயில் தலைவர் கேலி செய்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மாவைப் பறிகொடுத்த கோபம் என்றே நாங்களும் நினைத்தோம்.

ஒருநாள் என் மனைவி கஞ்சி கொடுத்தபோது, "எனக்கு எதுக்கும்மா? நான் போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் நல்லது" என்றார். அன்று தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலை கொட்டிக்கொண்டே, "தாயே, அவர் மனசுல இருக்கறத வெளியில சொல்ல வை" என்று வேண்டினேன். வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் அப்பாவைப் பக்கத்து ஊரான தானா ராத்தாவின் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மலாய் டாக்டர், தலையில் துடோங் முக்காடு கட்டிய சின்ன வயதுப் பெண். தூக்கம், பசி எல்லாம் விசாரித்தார். பிறகு, "பாச்சிக்" என்று பெரியவரை மரியாதையாக அழைத்து, "சாமி கும்பிடுவீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்து அழுதுவிட்டார்.

"எப்படிடா கும்பிடுவேன்? ஒங்கம்மாவுக்குக் கருமாதியே முடியல. தீட்டோட உள்ள போனா ஒங்களுக்கெல்லாம் ஆகாதுடா."

அம்மா இறந்த பதினாறாம் நாள் மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டதால், மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஐயர் வர முடியவில்லை. மாமா மஞ்சள் தண்ணீர் தெளித்து, "பொறவு செய்யலாம்" என்றார். நாங்கள் மறந்துவிட்டோம். அப்பா மறக்கவில்லை. எங்களுக்காகத்தான் தள்ளி நின்றிருக்கிறார்.

நான் எல்லாவற்றையும் விளக்கியதும் டாக்டர், "இது மனச்சோர்வு. மருந்து தர்றேன். உங்க சடங்கையும் செஞ்சிடுங்க" என்றார்.

அந்த ஞாயிறே ஐயரை வரவழைத்து, ஆற்றோரம் கருமாதியை முடித்தோம். "இனிமே தீட்டு இல்ல பெரியவரே," என்றார் ஐயர். மறுநாள் காலை அப்பா கோயிலுக்குள் போனார். நான் வெளியே நின்று அழுதேன்.

ஒரே நாளில் குணமாகவில்லை. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆனது. இன்றும் அதைச் சாப்பிடுகிறார். இப்போது குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடுகிறார். "பேசட்டும் விடுங்க, இப்பத்தான் வீடு வீடா இருக்கு," என்கிறாள் என் மனைவி.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒதுங்கி உட்கார்ந்தால், சாமிக் கோபம், பேய் என்று விட்டுவிடாதீர்கள். அம்மனிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். ஏதாவது ஓர் உருவில் அம்மன் வருவாள். எங்களுக்கு அவள் துடோங் கட்டிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டாள்.