எட்டாவது நரம்பு

முத்துமீனா ஏழாவது நரம்பை மஞ்சளில் இழுத்துவிட்டு, தூரிகையைக் கழுவி, அதை ஒட்டியே எட்டாவதைப் பச்சையில் இழுக்கிறாள். அதுவரை மூச்சை அடக்கிக்கொள்வாள். கோடு முடிந்த பிறகுதான் பேச்சு.

செல்லூரில் விசைத்தறிக் கூடத்துக்குப் பக்கத்து வீடு. நர்சிங் மாணவிகள் வகுப்பெடுக்கக் கொண்டுபோகும் சார்ட்டுகளை வரைந்து தருவது தொழில். மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு நரம்புகளுக்குத்தான் கிராக்கி. பிளஸ் டூவோடு நின்றவள், வாங்க வருகிறவர்களுக்கு அவளே பாடம் சொல்வாள். "நாலாவது இத்துனூண்டு இருப்பான், விட்டுறாத. பத்தாவது பெரிய ஊர்சுத்தி. கழுத்தோட நிக்காம வயிறு வரைக்கும் போவான்." வயது நாற்பத்து மூன்று. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு வீடு முழுக்கப் பென்சில் தேடுவாள்.

சார்ட்டில் பிழை பார்ப்பது நான். ஓய்வுபெற்ற நர்ஸ் என்பதால் "சிஸ்டரம்மா" என்பாள். ஆறு மாதமாகப் போனை இடது காதுக்கே கொடுக்கிறாள். வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. நடக்கையில் சுவரைத் தொட்டுக்கொள்கிறாள்.

"காதைக் காட்டினியா?" என்றேன்.

"தறிச் சத்தந்தேன் சிஸ்டரம்மா. இந்தத் தெருவுல யாருக்குத்தேன் காது கேக்குது?"

சன்னலுக்கு வெளியே நின்ற தறிக்காரர் சோணை, "எம் பொண்டாட்டி வையிறது மட்டும் எனக்கு நல்லாக் கேக்குதுக்கா!" என்று கத்தினார். சிரித்தாள். சிரிப்பு நிலைக்கவில்லை.

"தறி ரெண்டு காதையுமில்ல கெடுக்கும்? ஒனக்கு ஒத்தக் காதுதான கேக்கல?" என்றேன்.

தூரிகை நின்றது. "தெரியும்," என்றாள். "காதுக்குப் போற எட்டாவதுல கட்டி இருந்தா இப்படித்தேன். அத எடுக்கப் போயி ஏழாவதுல கை பட்டா மூஞ்சி ஒருபக்கம் தொங்கிரும். எம்புட்டு ஒட்டிப் போகுதுன்னு பாருங்க. மயிரெழ எடமில்ல. நாந்தான வரையிறேன்."

கட்டி இல்லாமலும் இருக்கலாம், இருந்தால் வளரவிடுவது இன்னும் மோசம் என்றேன். மறுநாள் காலைக்கே ஸ்கேனுக்கு நேரம் வாங்கினேன்.

ஸ்கேன் மையத்தில் தோடு, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி என் முந்தானையில் முடிந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள், நான் தொட்ட பிறகுதான் எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து என் கையில் போனைத் திணித்தாள்.

"ஒரு போட்டோ எடுங்க சிஸ்டரம்மா."

சுவரோரம் நேராக நின்று, பல் அத்தனையும் தெரிய, இரண்டு கன்னமும் சமமாக ஏறச் சிரித்தாள்.