ஏழுமலை ஏசி வைத்து வளர்த்த இரண்டு உயிர்கள்

செய்தி வந்தபோது நான் கடையில் கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். “ஃபிரிட்ஜ் ஏழுமல போய்ட்டாருங்க, நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி” என்று போனில் ஒரு குரல் சொன்னது. யார் பேசியது என்று இன்றுவரை தெரியாது. தராசுத் தட்டை இறக்கக்கூட இல்லை, கிளம்பிவிட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் கையில் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிர்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் அவரே கம்ப்ரசர் மாற்றிக் கொடுத்த பெட்டி. சத்தமே இல்லாமல் ஓடியது.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் என்னை உங்களில் தெரியாதவர் இருக்க முடியாது. படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் மிருக வைத்தியர்களே சந்தேகம் வந்தால் என் கடைக்கு ஆள் அனுப்புவார்கள். கல்வராயன் மலையில் தேன் எடுப்பவர், கடுக்காய் பொறுக்குபவர் அத்தனை பேரும் என்னைக் கேட்காமல் கீழே இறங்க மாட்டார்கள். ஏழுமலையைப் பற்றி எழுத வியாபாரிகள் சங்க மலரில் இடம் ஒதுக்கியவர்கள் என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணம்.

அவர் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டில் சின்சில்லா வளர்ந்த கதை பாதிப் பேருக்குத்தான் தெரியும். சென்னையிலிருந்து வந்து இங்கே நாலு வருஷம் இருந்த ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பியது. ஏசியைக் கழற்ற ஏழுமலை போனார். கழற்றி முடித்ததும் அந்த வீட்டம்மா ஒரு கூண்டைக் கொண்டுவந்து வைத்தார். “ஏசி இல்லாத வீட்டுக்குக் கொடுத்தா ஒரு மாசம் தாங்காதுங்க. ஏசி உங்ககிட்டதான போவுது, இதுங்களையும் எடுத்துக்கோங்க” என்றாராம். உள்ளே இரண்டு சாம்பல் நிற உருண்டைகள். அணில் வால், எலி மீசை, முயல் காது. தென்னமெரிக்காவில் பனி விழும் மலைகளில் வாழும் பிராணி. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. ஏழுமலை அவற்றுக்கு ஏசி அளவிலேயே பெயர் வைத்தார்: ஒரு டன், ஒன்றரை டன். கூப்பிடும்போது ஒண்ணு, ஒண்ணரை.

மறுநாள் என் கடைக்கு வந்தார். அதுதான் எங்கள் பழக்கத்தின் ஆரம்பம்.

“அண்ணே, தண்ணி படாம குளிக்கற பிராணிக்கு இன்னா பொடி குடுக்கறது?”

நான் அசரவில்லை. அந்தக் காலத்தில் பாளையக்காரர்கள் அந்தப்புரத்தில் இதே பிராணியை வளர்த்தார்கள், எங்கள் தாத்தாதான் பொடி அரைத்துக் கொடுத்தார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். முல்தானி மட்டியை எடுத்துக் கொடுத்தேன். குருட்டு அதிர்ஷ்டத்தில் அது சரியாகிவிட்டது. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பொடியைக் கொட்டி வைத்தால் இரண்டும் அதில் விழுந்து புரளும். புரண்டு எழுந்தால் ரோமம் பட்டுபோல் ஆகிவிடும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வருவார். பாளையக்காரர் கதையை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பார். ஊரில் எல்லோரும் என் பேச்சில் முக்கால் பங்கைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஏழுமலை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் அவற்றை வளர்த்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். மலையிலிருந்து நான் வரவழைத்துக் கொடுத்த புல்லை நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு தாளாக ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் போடுவார். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கடிக்கக் கொய்யாக் குச்சி. வாரத்துக்கு ஒரே ஒரு உலர்ந்த திராட்சை, அதையும் இரண்டாகக் கிள்ளி. திடீரென்று பிடித்தால் பயத்தில் கை நிறைய ரோமத்தை உதிர்த்துவிட்டு ஓடிவிடும் என்பதால் தானே கையைத் தரையில் மல்லாத்தி வைத்துக் காத்திருப்பார். “நாம புடிக்கக் கூடாதுண்ணே. அதுவா வந்து ஏறணும்” என்பார். கரண்ட் போனால் படுத்துக்கொள்ள, சமையல் மேடைக் கிரானைட் துண்டுகளை ஃபிரிட்ஜில் அடுக்கி வைத்திருப்பார்.

அவர் மனைவி செல்விக்கு அதுதான் ஆற்றாமை. “தயிர் எடுக்கத் தொறந்தா கல்லா இருக்குது. எங்களுக்கு ஃபேனு, இதுங்களுக்கு ஏசி. அடுத்த ஜென்மத்துல இந்தாளு வூட்டுல எலியாப் பொறக்கணும் அண்ணே” என்பார். ஏழுமலை சிரித்துக்கொண்டே, “உனக்கு வேர்க்குது செல்வி, நீ பொழச்சிக்குவ. அதுங்களுக்கு வேர்க்கவே தெரியாது” என்பார். ஆனாலும் ஒண்ணரைக்கு இரண்டாவது திராட்சையைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தது செல்விதான். எனக்குத் தெரியும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் கிளம்பிய சமயம். பழைய போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட நாட்களைப் பார்த்தவன் நான்; பத்து மரம் என் கையாலேயே சாய்ந்தது என்று சொல்லி வருவேன். ஏழுமலைக்கு இந்தப் போராட்டம் வெறும் செய்தி இல்லை. அவர் மகள் பவித்ராவுக்கு நர்சிங் சீட்டு நூலிழையில் போயிருந்தது. செல்வியின் தம்பி கோவிந்தன் போராட்டத்தில் முன்னால் நின்றவர். அக்காள் மகளுக்காகத்தான் நிற்கிறேன் என்று மேடையிலேயே சொன்னவர்.

அந்தச் சித்திரையில் அவர்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து போனது. சரிசெய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கிரானைட் கல்லும் சூடானது. இரண்டு பிராணிகளும் காது சிவந்து, பக்கவாட்டில் படுத்து மூச்சு வாங்கின. “மலைக்குக் கொண்டுபோய்டு ஏழுமல. வெள்ளிமலையில எனக்கு வூடு இருக்குது, சித்திரையிலயும் கம்பளி போத்தணும்” என்றேன். வீடு எனக்குத் தேன் கொடுப்பவருடையது. தகரக் கூரை. கம்பளி நான் சேர்த்தது. அவர் அதையும் நம்பினார்.

விடியும்போதே ஒரு குட்டியானை மினி லாரியில் கிளம்பினோம். ஏழுமலை ஓட்டினார். கூண்டு என் மடியில். கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறும் முன் சாலையின் குறுக்கே முள்ளும் டயரும் கிடந்தன. நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னாலும் வண்டிகள் சேர்ந்துவிட்டன, திரும்பவும் வழியில்லை. முன்வரிசையில் கோவிந்தன்.

ஏழுமலை இறங்கிப் போனார். வண்டியிலிருந்தே எனக்குக் கேட்டது.

“இன்னா மாமா, நீயே வந்து வழி கேக்கற? பாப்பாவுக்கு சீட்டு போச்சின்னு நீதான அழுத?”

“அழுதன்டா. இல்லன்னு சொல்லல. இதுங்க வெய்யில்ல செத்துப்பூடும் கோயிந்தா.”

“ஆஸ்பத்திரி வண்டின்னா வுடுவன். எலிக்காவ ரோட்டத் தொறந்தா நாளிக்கு எவன் நம்மள மதிப்பான்?”

“எலி இல்லடா.”

“சரி, எலி இல்ல. மத்தவங்கள ஒரு வார்த்த கேக்கணும்ல. இரு மாமா, கேட்டுட்டு வுடறன்.”

அப்படிச் சொல்லிவிட்டு, எங்களுக்குக் குடிக்க ஒரு குடம் தண்ணீரும் சொம்பும் இரண்டு பேரிடம் கொடுத்து அனுப்பினார். அவர்கள் வண்டியில் வைத்துவிட்டு, “குடிங்க பெரியவரே, வெய்யில் ஜாஸ்தி” என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்கள்.

நண்பர்களே, இதுவரை எழுதியதில் நான் அங்கங்கே கூட்டியிருப்பேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். இனி எழுதுவதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

ஏழுமலை வண்டிக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்தார். ஒண்ணரை வாயைத் திறந்தபடி கிடந்தது. நம் பக்கம் வெயிலில் ஆடோ கன்றோ மயங்கி விழுந்தால் என்ன செய்வோம்? தலையில் தண்ணீர் ஊற்றுவோம். நூறு ஆட்டுக்கு ஊற்றிய கை இது. தண்ணீர் படவே கூடாது என்று ஏழுமலை நூறு தடவை சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் என் கைக்கு ஆடுதான் ஞாபகம் வந்தது. கூண்டைத் திறந்து, ஒண்ணரையைத் தூக்கி, மூன்று சொம்பு ஊற்றினேன். அவ்வளவு அடர்த்தியான ரோமம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பஞ்சு மூட்டையாகக் கனத்தது. என் கையில் பாதி ரோமம் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒண்ணு கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு பார்த்தது.

அதற்குள் கோவிந்தன் மற்றவர்களைச் சம்மதிக்கவைத்து முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தார். ஏழுமலை ஓடி வந்தார். நனைந்த பிராணியைப் பார்த்தார்.

“யாருண்ணே?”

எட்டு ஊர் சண்டையைப் பேசித் தீர்த்தவன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு, நான்தான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. “தண்ணி கொண்டாந்த ரெண்டு பேர்தான்” என்றேன். அங்கே நிறுத்தியிருந்தால்கூடப் போயிருக்கும். வெறும் செய்தியாகச் சொல்ல எனக்கு வராது. “சிரிச்சிக்கினே ஊத்துனானுங்க ஏழுமல. எலிக்கு அபிசேகம்னு சொன்னானுங்க” என்றேன்.

அவர் அந்தக் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வண்டியை எடுத்தார். கோவிந்தன் கையை ஆட்டினார், இவர் ஆட்டவில்லை.

கொஞ்ச தூரம் போய் வண்டியை நிறுத்தி, தன் சட்டையைக் கழற்றித்தான் துடைத்தார். அடிரோமம் காயவே இல்லை. வெள்ளிமலையில் சாயங்காலக் காற்று இறங்கியதும் ஒண்ணரைக்கு நடுக்கம் வந்தது. மூக்கு ஒழுகியது. கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் இந்தப் பிராணியைப் பார்த்ததே இல்லை என்றார். மூன்றாம் நாள் ஏழுமலையின் மல்லாந்த உள்ளங்கையில் தானாகவே வந்து ஏறியது. ஏறிய இடத்திலேயே முடிந்தது. “செத்தது கூடப் பரவால்லண்ணே. சிரிச்சானுங்க பாரு, அதான்” என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கோவிந்தன் இரண்டு தடவை வீடு தேடி வந்தார். அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, “குடிக்கத்தான் மாமா அனுப்பினன், இவங்க தொடவே இல்லியாம்” என்றார். ஏழுமலை உள்ளிருந்தே, “எங்க அண்ணன் பொய் சொல்றாருன்றியா? வெளில போ” என்றார். நான் அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பவித்ராவுக்கு அதன் பிறகும் சீட்டு கிடைக்கவில்லை. கல்யாணம் நடந்தது. திருநாவலூர்ச் சிவன் கோயிலில் தாலி. தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில் ஐயர் “மாமன் எங்கே” என்று இரண்டு தடவை கேட்டார். ஏழுமலை என் தோளைத் தொட்டு, “நீ நில்லு அண்ணே” என்றார். நின்றேன். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தும் நின்றேன். கோவிந்தன் கோயிலுக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில் புது வேட்டியோடு நின்றிருந்ததாக அப்புறம் சொன்னார்கள்.

போன மாதம் கருமாதி அன்று, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு கோவிந்தன் தெருவில் வந்து நின்றார். அக்காள் தலையில் அதைப் போட வேண்டியவர் அவர் ஒருவர்தான். செல்வி கதவைத் திறக்கவில்லை. “அவரு சாவற வரிக்கும் வேணான்னு வெச்ச உறவு. நான் எப்படித் தொறப்பன்?” என்றார். உச்சி வெயிலில் அந்த மனிதர் மடித்த புடவையை மார்போடு பிடித்து நின்றார். நான் செல்வியின் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குடம், சொம்பு, மூன்று தடவை, சிரித்தார்கள் என்று சேர்த்தது, எல்லாம்.

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க ரெண்டு பேரையும் சேத்து வெக்கணும்னு பழிய நீ ஏத்துக்கற. இந்த மனசு யாருக்குண்ணே வரும்? ஆனா நீ ஜோடிச்சி சொல்றவன்னு ஊருக்கே தெரியும். அவரு ஒருத்தருதான் உன்ன முழுசா நம்புனாரு. அவரு நம்புனத நான் இல்லன்னு சொல்ல மாட்டன்.”

சத்தியம் செய்தேன். கற்பூரத்தை அணைக்கிறேன் என்றேன். “அழுவாத அண்ணே” என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

வெளியே வந்து கோவிந்தனிடமும் சொன்னேன். அவர் புடவையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். “அக்காகிட்ட சொன்னியா?” என்றார். சொன்னேன், நம்பவில்லை என்றேன். “மாமா இருக்கும்போது சொல்லியிருக்கணும் பெரியவரே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவையோடு பஸ் ஏறினார்.

அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். பேசினால் நம்பாதவர்கள் படித்தால் நம்புவார்களா என்று தெரியாது. நம்ப மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒண்ணு. “உன்னத் தவிர யாரையும் நம்பிக் குடுக்க மாட்டாரு” என்று செல்வியே கூண்டைக் கொடுத்தனுப்பினார். என் வீட்டில் ஃபேன் மட்டும்தான். மாசி வரை தாங்கும், சித்திரையைப் பற்றி நான் யாரிடமும் பெருமை பேசப் போவதில்லை. தினமும் கையைத் தரையில் மல்லாத்தி வைத்துப் பார்க்கிறேன். வந்து ஏறுவதில்லை. அன்றைக்கு அந்த வண்டிக்குள் நடந்ததைப் பார்த்த உயிர் என்னைத் தவிர அது ஒன்றுதான். கூண்டின் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.