உப்புப் பார்க்காத கஞ்சி

மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் விட்டபோது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியிருந்தது. காய்ச்சல்தான் விட்டது, பிள்ளை வாயைத் திறக்கவில்லை. டைபாய்டில் வந்த குடற்புண் ஆறவில்லை, சோறு கொடுத்தால் உயிருக்கே மோசம், ஓட்ஸ் கஞ்சியை வடிகட்டிக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்காகக் குடிக்காவிட்டால் ஆசுபத்திரியில் சேர்க்கச் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து அந்த வார்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

ஹந்தானைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த என் கணவர் டவுனிலிருந்து ஓட்ஸ் டின் வாங்கி வந்தார். டின்னில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒரு சொல் விடாமல் வாசித்து, அப்படியே தண்ணீரில் காய்ச்சினேன். மகள் துப்பினாள். பசும்பாலும் சீனியும் சேர்த்தேன், முகத்தைத் திருப்பினாள். கித்துள் கருப்பட்டி போட்டதன் வாசனைக்கே அழுதாள். மிச்சத்தை என் கணவர் குடித்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்பார். எனக்குக் கோபம் வரும். பிறகு, சரியாகக் கிண்டவில்லையோ, பால் கெட்டிருந்ததோ என்று யோசித்துக்கொண்டே சட்டியைக் கழுவுவேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் கடைக்காரரின் மனைவியை நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் அக்காவுக்கு அதுதான் சொல். அந்த வருடம் எங்கள் தபசும் அவர்களுடைய நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. சனிக்கிழமை மத்தியானம் வந்தவர், காய்ச்சல் நாக்குக்கு இனிப்பு எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார். அரிசிக்குப் பதில் ஓட்ஸைப் போட்டு நோன்புக் கஞ்சி மாதிரியே காய்ச்சத் தொடங்கினார். வாசனைக்கு ரம்பை இலை, ஒரு பல் பூண்டு, துளி இஞ்சி, தண்ணியான தேங்காய்ப்பால். இஞ்சி புண்ணில் படுமே என்று பயந்தேன். தடுக்கவும் பயமாக இருந்தது.

இறக்கியதும், "உப்புப் பாருங்க புள்ள. எனக்கு வாயில வைக்க ஏலாதே" என்றார்.

"நானும் மாதாவுக்கு நேந்திருக்கேன் தாத்தா. புள்ள எழும்பி நடக்கிற வரைக்கும் பொழுது சாயாம பச்சத்தண்ணிகூட இல்ல."

"நல்ல ரெண்டு பேர்தான் சமைக்க வந்தோம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் போதும். அதற்காக மாதா பிள்ளையைக் கைவிட்டுவிட்டால்? பார்க்காமல் கொடுத்து, அவள் இதையும் துப்பிவிட்டால்? வடிகட்டி, அப்படியே கொடுத்தேன்.

மகள் விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள். கோப்பை காலியானது. ஆனால் பின்னேரம் முழுவதும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு, தன் வீட்டுக்குக் கொண்டுபோன மிச்சத்தோடு தாத்தா வேகமாக வந்தார்.

"நீங்களும் உப்புப் போட்டீங்களா?"

அவர் ரம்பை பறிக்கப் போயிருந்தபோது நான் போட்டிருந்தேன். அவர் அதற்கு முன்பே போட்டிருக்கிறார். பொழுது சாய்ந்திருந்ததால் நானும் வாயில் வைத்தேன். கரித்தது. மகளின் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. தூக்கம் கலைந்த அவள், "கஞ்சி" என்றாள்.

ஞாயிறு காலை நானே காய்ச்சினேன். இன்னொரு தடவை உப்பைக் கூட்டிவிடுவேனோ என்ற பயம் பெரிதாகி, கரண்டியிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். உப்புச் சரியாக இருந்தது. மகள் கடைசி மிடறு வரை குடித்தாள். ஆசுபத்திரிக்குப் போகவில்லை. நேர்ச்சையை முறித்துவிட்டேனே என்ற பயம் மட்டும், அவள் எழும்பி நடந்த பிறகும் என்னை விடவில்லை.