இரண்டு பேர், ஒரு விளக்குக்காரன்

இந்த ஆட்டத்துக்கு ஐந்தாறு பேராவது வேண்டும் என்பார்கள். தமிழ் பேசுகிறவர்கள் அரிதான வாகடில் எனக்குக் கிடைத்தவர்கள் இரண்டே பேர், எதிர் வீட்டுக் கோயம்புத்தூர்த் தம்பதி. மூவருமே பக்கத்து ஹிஞ்சவடி ஐ.டி. கம்பெனிகளில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள். ஞாயிறு மதியம் என் சாப்பாட்டு மேசையில் கூடுவோம். நான் கதையைச் சொல்வேன். அவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எவர்சில்வர் தட்டில், எல்லோர் கண்முன்னேயும்தான் உருட்ட வேண்டும்.

ஆள் பற்றாததால் நானே ஒரு விளக்குக்காரனையும் நடத்தினேன். அவர்கள் கூடவே விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவான். யோசனை மட்டும் சொல்ல மாட்டான். முழுக்கதையும் தெரிந்த நான் அவன் வாயால் பேசிவிட்டால் ஆட்டத்தில் என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு இருவரும் தள்ளித் தள்ளி வந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு அமெரிக்காவில் இரண்டு வருட வேலை. மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் ஆபீசில் சரியென்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒரு வாரமாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

"நீயும் வர்றியான்னு அவரா ஒரு வார்த்தை கேக்கட்டுங்க்கா, வேலைய விட்டுட்டுக் கெளம்பீருவேன். கேக்கலைன்னா அம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்" என்று முதல் நாள்தான் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

கதையில் ஆற்றுப்பாலம் இடிந்து கிடந்தது. ஒருவர் கயிற்றைப் பிடித்தால் மற்றவர் கடக்கலாம். பிடித்தவர் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். இதை நான் யோசித்தபோது அமெரிக்காப் பேச்சே இல்லை. இருவரும் சேர்ந்து போகப் புதருக்குள் ஒரு படகைக்கூட ஒளித்து வைத்திருந்தேன். தேடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் போதும். இருவரும் சொல்லவில்லை.

அவர் விளக்குக்காரனைக் கேட்டார். "ஏப்பா, நான் மட்டும் போனா அவ இந்தப் பக்கம் இருந்துக்குவாளா?" பார்வை தட்டின் மேலேயே இருந்தது.

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "எனக்கெப்படிங்க தெரியும், அவங்களையே கேளுங்க" என்றேன், விளக்குக்காரனாக. அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது?

அவர் கேட்கவில்லை. "அவளக் கயித்தப் புடிக்கச் சொல்லு" என்றார்.

"பத்துக்கு மேல் விழுந்தால் கயிறு நிற்கும்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் பகடையை எடுத்தாள். உருட்டாமல் கைக்குள் மூடிக்கொண்டு, அந்த வாரத்தில் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "இத உருட்டித்தான் தெரிஞ்சுக்கோணுங்களா? என்னையக் கேட்டா நானே சொல்லுவனே."

கேளுய்யா, கேட்டுத் தொலை என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உருட்டு."

பதினேழு விழுந்தது. கயிறு நின்றது. அவர் பத்திரமாக அக்கரை சேர்ந்தார். அப்பாடா என்று சிரிக்கவும் செய்தார்.

அவள் என் பக்கம், இல்லை, விளக்குக்காரன் பக்கம் திரும்பினாள்.

"நான் புடிச்சிருக்கறேன், நீயும் அவருகூடப் போப்பா. இருட்டுன்னா அவருக்கு ஆகாது. எனக்கு வீட்டுக்கு வழி தெரியும்."