கோலோ ரெங்காவில் மாப்பிள்ளை வீட்டார்

2025 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, காலை 5.40. கிங்ஸ்பரியில் தூறல், பதினான்கு பாகைக் குளிர். ஐந்தரைக்கு வரவேண்டிய மினிகாப் பத்து நிமிடம் பிந்தி வந்தது. ஹீத்ரோவுக்கு 38 பவுண். சாரதி நம்மவர், ஐம்பது வயதிருக்கும்.

"எங்கயண்ணை, பாலிக்கோ?"

"இல்லைத் தம்பி, புளோரஸ். அதுவும் இந்தோனேசியாதான். மகன்ர கலியாணம்."

"பொம்பிளை அந்த ஊரோ? அப்ப சீதனம் என்ன, ஒரு தீவோ?"

பின் இருக்கையிலிருந்து என் மனைவி றீற்றா சொன்னாள்: "அங்க நாங்கள்தான் குடுக்கவேணுமாம். அதுதான் இவருக்கு ஒரு கிழமையா நித்திரை இல்லை."

உண்மைதான். மகன் ஜூட்டும் யுஸ்தினாவும் ஒரே வைத்தியசாலையில் தாதிகள். பதிவுத் திருமணம் ஹரோவில் முடிந்துவிட்டது. இரு வீட்டாரும் கத்தோலிக்கர்; கோவில் திருமணம் அவளுடைய ஊரில். இருவரும் முன்பே அங்கே போய்விட்டார்கள். அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டாருக்குக் கொடுக்கவேண்டியதைப் பேசி முடிக்கவேண்டும். அதைப் பெலிஸ் என்கிறார்கள். என் இரண்டு தங்கைகளுக்கும் ஒரு மகளுக்கும் சீதனம் கொடுத்தவன் நான். எங்கள் முறையில் பெண்பக்கம் கொடுக்கும், அவர்கள் முறையில் ஆண்பக்கம் கொடுக்கும். இரண்டு முறையிலும் கொடுக்கும் பக்கத்திலேயே நான் நிற்கும்படி ஆயிற்று.

ஆகஸ்ட் 4, திங்கள். இரண்டு இடங்களில் விமானம் மாறி, புளோரஸின் மேற்குக் கரையிலுள்ள லபுவான் பாஜோவில் காலை இறங்கினோம். ஒருவருக்கு டிக்கெட் 1,048 பவுண். பவுணுக்கு 21,850 ரூபியா வீதம் நாலாயிரம் பவுண் மாற்றினேன். கட்டுக் கட்டாகத் தந்த தாள்களை றீற்றாவின் சீலைகளுக்கு நடுவில் வைத்தோம். ஒரு மில்லியன் ரூபியாவுக்கு வாகனம். மலைநகரான ருத்தெங் வரை சுமார் 130 கிலோமீட்டர். வளைவுகளால் நாலரை மணித்தியாலம். வழியில் ஓரிடத்தில் வயல்கள் சிலந்திவலை போல நடுவிலிருந்து பிரிந்து கிடந்தன. ஊரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நடுப்புள்ளியில் வைத்தே அளப்பார்களாம்.

ருத்தெங்கிலிருந்து உள்ளே இன்னும் 27 கிலோமீட்டர் போனால் கோலோ ரெங்கா. 64 வீடுகள், தகரக் கூரைகள், ஒரு கோவில், இரண்டு கடைகள். வங்கி இல்லை. தெரு முழுவதும் படங்கு விரித்துக் கோப்பி காயப்போட்டிருந்தார்கள். சாரதி ஒரு பக்கச் சில்லைத் தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கி ஓட்டினார். யாரும் படங்கை இழுத்து வழிவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை யுஸ்தினாவின் அண்ணன் பேதுருஸ் தோட்டம் காட்டினார். கூட வந்தவர் மத்தேயுஸ், அயலூர்க் கோப்பி வியாபாரி. மலேசியாவில் வேலை செய்ததால் ஆங்கிலம் பேசுவார். எங்களுக்கு அங்கே உறவினர் இல்லாதபடியால் எங்கள் பக்கத்துப் பேச்சாளராகவும் அவரையே ஒழுங்கு செய்திருந்தார்கள்.

பேதுருஸுக்கு ஒன்றரை ஹெக்டேர் கோப்பி, பள்ளத்தில் நெல், வேலியோரம் கராம்பு. காய்ந்த கோப்பிக்கொட்டை இந்த முறை கிலோ 70,000 ரூபியாவுக்குப் போனது. பழம் பறிப்பவருக்கு நாட்கூலி 75,000, சாப்பாடு, சிகரெட். நெல்வயலுக்குக் கூலி கிடையாது. பத்து வீட்டார் சேர்ந்து முறைவைத்து ஒவ்வொருவர் வயலிலும் இறங்குவார்கள். காசு வருவது ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை. பெப்ரவரியில் வீட்டில் ஒன்றும் இராது. அப்போது சிலர் பூவிலேயே விளைச்சலை வியாபாரிக்கு விற்றுவிடுவார்கள், அரை விலைக்கு.

"ஆருக்கு விப்பினம்?" என்றேன்.

"எனக்குத்தான்," என்று சொல்லி மத்தேயுஸ் சிரித்தார்.

"நீங்களும் விக்கிறனீங்களோ?" என்று பேதுருஸைக் கேட்டேன்.

"இல்லை. தங்கச்சிகளைக் கட்டிய வீடுகளுக்குச் சொல்லி அனுப்புவேன். அவர்கள் தருவார்கள்."

ஆகஸ்ட் 6, புதன், காலை 10 மணி. பேச்சு யுஸ்தினாவின் வீட்டில் நடந்தது. பாயில் நாற்பது பேருக்கு மேல். நான் வாய் திறக்கக்கூடாது, மத்தேயுஸ்தான் பேசுவார். ஒவ்வொரு பேச்சுக்கு முன்பும் ஒரு பியர்ப் போத்தலை அவர்கள் பக்கம் நகர்த்தவேண்டும், அதன் கீழ் ஒரு காசு உறை. "வந்தோம்" என்று சொல்ல ஒன்று, "கேட்கலாமா" என்று கேட்க இன்னொன்று. பதினொரு உறை போயிற்று.

அவர்கள் முதலில் கேட்டது 150 மில்லியன் ரூபியா, இரண்டு எருமை, இரண்டு குதிரை.

"குதிரைக்கு எங்க போறது? வெம்பிளி மாக்கெற்றுக்கோ?" என்று றீற்றா என் காதுக்குள் கேட்டாள்.

மத்தேயுஸ் பாட்டுப் பாடுவதுபோல இழுத்து இழுத்துக் குறைத்தார். பிற்பகல் இரண்டரைக்கு முடிவாயிற்று: 65 மில்லியன், ஓர் எருமை. இன்றைக்கு 40 மில்லியன், மிச்சம் பிறகு. எருமை 20 மில்லியன் பெறும் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சமையலறையில் கோழிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

கவுன்சிலில் இருபத்தாறு வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன் நான். கட்டவேண்டியதைத் தவணை தாண்டி வைத்ததில்லை. பையிலிருந்த மிச்சக் கட்டுகளையும் எடுத்து நாற்பதின் மேல் அடுக்கினேன். "மத்தேயுஸ், எல்லாம் சரியா எண்பத்தைஞ்சு. எருமையும் சேர்த்து. கணக்குத் தீர்ந்தது எண்டு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லுங்கோ."

மத்தேயுஸ் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. யுஸ்தினாவின் தாய் எழுந்து உள்ளே போய்விட்டார். பேதுருஸ் கடைசியாக வாங்கிய போத்தலை, உறையோடு, திரும்ப எங்கள் பக்கம் தள்ளினார்.

"அப்பா, பிளீஸ், எடுங்கோ அதை," என்றான் ஜூட்.

"ஏன்ரா? கூடத்தானே வைக்கிறன்!"

பேச்சு நடக்கும் இடத்துக்கு மணப்பெண் வரக்கூடாது. ஆனாலும் யுஸ்தினா வந்து என் அருகில் இருந்தாள். 'மாமா' மட்டும் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம்.

"மாமா, முழுக்கக் கொடுத்துத் தீர்த்தால் என்னை வாங்கிவிட்டீர்கள் என்று ஆகும். அதோடு இரண்டு வீட்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அண்ணா உங்களுக்கு ஒன்றும் சொல்லி அனுப்ப ஏலாது. நான் ஒருநாள் ஜூட்டோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தால் இந்த வாசலில் நிற்க ஏலாது."

"அப்ப மிச்சத்தை எப்ப குடுக்கிறது?"

"கேட்கும்போது கொஞ்சம். கடன் முடிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். உங்களுக்குப் பிறகு ஜூட், அவருக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள்."

"வட்டி?" என்றேன்.

"விசர்க்கதை கதையாம அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ," என்றாள் றீற்றா.

பார்த்தேன். கட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

அது போதவில்லை. மத்தேயுஸ் அரை மணித்தியாலம் மன்றாடினார். செய்த பிழைக்கு ஒரு வெள்ளைச் சேவல், இரண்டு இலட்சம் ரூபியா உறை, அதோடு கடன் வைக்க நானே என் வாயால் அனுமதி கேட்கவேண்டும். எந்த மொழியானாலும் பரவாயில்லை என்றார்கள். தாயை வெளியே கூட்டிவந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் இருந்தார். எழுபத்திரண்டு வயதில், முழங்கால் நோவோடு பாயில் இருந்து, தமிழில் சொன்னேன்:

"அம்மா, மிச்சத்தை இப்ப தர ஏலாது. கொஞ்சம் கொஞ்சமாத் தாறம். பிள்ளையை எங்களோட விடுங்கோ. அவ எப்ப வந்தாலும் கதவைத் திறந்து விடுங்கோ."

ஒரு சொல்லும் விளங்கியிராது. யுஸ்தினா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். தாய் கையால் தடுத்துவிட்டு, பேதுருஸ் திருப்பித் தள்ளியிருந்த போத்தலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை திருமணம் குறையில்லாமல் நடந்தது. மறுநாள் புறப்படும்போது பேதுருஸ் வாகனத்தடிக்கு வந்தார். அவருடைய மூத்த மகள் அடுத்த வருடம் தாதிப் படிப்புக்குப் போகிறாளாம்.

"பெப்ரவரியில் சொல்லி அனுப்பலாமா?" என்றார், மத்தேயுஸ் வழியாக.

"ஓம். எவ்வளவு வரும் எண்டு இப்பவே சொன்னா நல்லம்."

மத்தேயுஸ் அதை மொழிபெயர்த்ததும் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். தாய்தான் அதிகம் சிரித்தார்.

கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் நாங்களும் பத்தொன்பது வருடமாக அயலவர். அவர் எங்களுக்கு ஒரு கரண்டி சீனியும் தரவேண்டியதில்லை, நாங்களும் அவருக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. இதை நல்ல அயல் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். கோலோ ரெங்காவில் ஒரு வீட்டாருக்கு நான் கடன்காரன். அங்கே எங்கள் எல்லோருடைய பெயரும் தெரியும், என் முழங்கால் நோவு உட்பட. பெப்ரவரியை நினைத்தால் இன்னும் நித்திரை குழம்புகிறது.

கொண்டுபோன காசில் மிஞ்சியதைத் திரும்பப் பவுணாக மாற்றியதில் ஏற்பட்ட நட்டத்தையும் கூட்டி, கொடுக்காமல் வைத்திருக்கும் 25 மில்லியன் ரூபியாவையும் ஓர் எருமையையும் கூட்டாமல், இந்தப் பயணத்தில் எனக்குச் செலவாக முடிந்தது 5,212 பவுண் 35 பென்ஸ்.