பாபநாசம் போகும் வழியில் காருக்குள் ஒரு சத்தம்

எங்கள் கார் பழையது. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் முதலில் பழகிக்கொண்டது அதன் பாட்டுப் பெட்டியோடுதான். பென் டிரைவ் செருகினால் பாடும். சின்னத் திரை செத்துப்போயிருந்ததால் இது என்ன பாட்டு, அடுத்தது என்ன என்று ஒன்றும் தெரியாது. வண்டியை அணைத்தால் பாட்டும் நிற்கும். மறுபடி கிளப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் வீட்டுச் சண்டையும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது புதுமையாகத் தெரியவில்லை.

அவர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். கோப்புகளை அடுக்கும் கையோடு பாட்டுகளையும் அடுக்கினார். புறப்படும்போது சபையில் பாடுகிற ஞானப்பாட்டு, ஊர் எல்லை தாண்டியதும் பழைய சினிமாப் பாட்டு, திரும்பும்போது நாதஸ்வரம். நடுவில் நான் பொத்தானைத் தொட்டால், “அதுக்கு ஒரு வரிசை இருக்குல்லா” என்பார். நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே வயதானவள். எனக்கே வரிசை சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் மகளுக்குச் சென்னையில் வேலை. அங்கே கூட வேலை பார்க்கிற தூத்துக்குடிப் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். பையன் நல்ல பையன். நாங்கள் பாளையங்கோட்டையின் பழைய புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். அவர்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். ஆண்டவர் ஒருவர்தான், கோயில்தான் வேறு. கல்யாணம் எந்தக் கோயிலில் என்பதை இரண்டு வீட்டிலும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. என் கணவர் மட்டும் அதற்கென்று ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு அது எனக்குக் கேட்கும். “எங்க முன்னோர்கள் இந்தச் சபையைக் கட்டும்போது...” என்று தொடங்கும். அதற்குள் சோப்பு கண்ணில் பட்டுவிடும்.

பையனுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றிக் கோயிலில்தான் போய் நிற்கும் என்று பயந்து, பாபநாசத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

உடனே என் கணவருக்குப் பென் டிரைவ் ஞாபகம் வந்துவிட்டது. வருகிறவர்களுக்கு மரியாதையாக மாதா பாட்டு நாலு இருக்க வேண்டும் என்றார். சம்மந்தியம்மா எனக்குச் செல்போனில் அனுப்பியிருந்த பாட்டுகள் இருந்தன. அவற்றை ஏற்றச் சொல்லி, போனையும் பென் டிரைவையும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். நாலு பாட்டு கேட்டவளுக்குப் போனிலிருந்த அத்தனை சத்தத்தையும் வாரி வழங்கிவிட்டார். அது எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் போனில் வேறு என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் குறட்டை விடுவார். கல்யாணமான நாளிலிருந்து விடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து இல்லை என்றும் சொல்லுகிறார். “நானா? எப்பம்? நீ ஒறங்கும்போது ஒனக்கு எப்படிக் கேக்கும்?” என்று சட்டம் பேசுவார். ஒருமுறை மகளும் அப்பா கட்சியில் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்ததும், தலைமாட்டில் போனை வைத்து முக்கால் மணி நேரம் பதிவு செய்தேன். பிறகு அதை மகளுக்கு அனுப்ப மனசு வரவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் விருந்தாளிகள் வந்தார்கள். பையனின் அப்பா ஓய்வு பெற்றவர்; துறைமுகத்தில் லாஞ்சுப் படகு என்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்தவர். உயரமான, அதிகம் பேசாத மனிதர். அந்த அம்மா கையில் மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு இறங்கினார். என்னை “டீச்சர், டீச்சர்” என்று கூப்பிட்டு, பெஞ்சின் நுனியில் உட்காருவதுபோல எங்கள் சோபாவில் உட்கார்ந்தார். நானும் அவரைச் சம்மந்தியம்மா என்பதா அக்கா என்பதா என்று தெரியாமல் பொதுவாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்று கிளம்பினோம். மாதா பாட்டு வந்தது. விருந்தாளி தலையைத் திருப்பி, “எங்க ஊர்ப் பாட்டுல்லா இது” என்றார். என் கணவர் ஒன்றும் தெரியாதவர்போல, “அப்படியா? நாங்க எப்பமும் கேக்குததுதான்” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மேலச்செவல் தாண்டியதும் விருந்தாளி துறைமுகக் கதை ஒன்றை ஆரம்பித்தார். மரியாதைக்காக என் கணவர் பாட்டை மிகவும் குறைத்துவைத்தார். அப்புறம் பாட்டை எல்லோரும் மறந்துவிட்டோம். கதையும் பத்தமடையோடு முடிந்துவிட்டது. காருக்குள் கொஞ்ச நேரம் ஒரே அமைதி. அப்போதுதான் அது கேட்டது.

கர்ர்ர்... பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்ன விசில். மறுபடி கர்ர்ர்.

“ஏதோ சத்தம் கேக்கு” என்றார் விருந்தாளி.

“எனக்கும் கேக்கு” என்றார் என் கணவர். “முன்சக்கரத்துல பேரிங் போயிருக்கும்.”

“பேரிங் இப்படிக் கத்தாது அண்ணாச்சி. வேகத்தக் கொறச்சுப் பாருங்க.”

வேகத்தைக் குறைத்தார். சத்தம் குறையவில்லை. நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஏ.சி.யை அணைத்தார். சத்தம் கூடியது. சேரன்மகாதேவி கடந்து ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, என்ஜினையும் நிறுத்தினார். சத்தம் நின்றது. இரண்டு பேரும் இறங்கி முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். பிறகு என் கணவர் வந்து வண்டியைக் கிளப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு மறுபடி முன்னால் ஓடினார்.

விட்ட இடத்திலிருந்து சத்தம் தொடர்ந்தது. எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. அந்த விசிலுக்குப் பிறகு நாக்கைச் சப்புக்கொட்டுவது ஒன்று வரும். வந்தது.

எட்டிக் கை நீட்டிப் பென் டிரைவைப் பிடுங்கிவிடலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் என்ன ஏது என்று கேட்டால் என்ன சொல்வது? என் மகளின் மாமியாராக வரப்போகிறவரிடம், “இது ஒங்க சம்மந்தி ஒறங்குத சத்தம், நான்தான் பிடிச்சு வச்சேன்” என்று எப்படிச் சொல்ல? புருஷன் தூங்கும்போது போன் வைத்துப் பதிவு செய்கிற வீட்டில் பெண் எடுப்பார்களா? கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஆலோசனை பலமாக நடந்தது.

“ஃபேன் பெல்ட்டா இருக்குமோ?”

“இல்ல அண்ணாச்சி. எண்ணெ வார கொழாயில காத்து ஏறியிருக்கு. எங்க லாஞ்சுல இதே மாதிரிதான் மூச்சுவிடும்.”

“மூச்சு விடுத மாதிரிதான் இருக்கு, கரெக்டு.”

சம்மந்தியம்மா தலையைச் சாய்த்து, பாட்டுப் பெட்டியின் பக்கம் காதைக் கொடுத்து, ஞானஸ்நானத்துக்கு நிற்கிறவர்போல அசையாமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

“டீச்சர்” என்றார் மெதுவாக. “இது என்ஜின் இல்லியே.”

நான் முந்தானை நுனியை முறுக்கினேன்.

“இது ஆம்பளையாளு குறட்டைல்லா. எங்க வீட்டுலயும் இப்படித்தான், ஆனா எங்க வீட்டுல விசில் கெடையாது.”

என்னால் அதற்குமேல் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் கேலி, கறிச்சோறு, கடைக்காரர், எல்லாம். அந்த அம்மா சத்தம் வராமல் சிரித்ததில் சீட்டே குலுங்கியது. “அவங்களக் கூப்ட்டுச் சொல்லீரவா?” என்று கேட்டேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இருக்கட்டும் மைனி. பைய சொல்லலாம். ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துமையா நிக்காங்க பாருங்க.”

டீச்சர் போய், அண்ணி என்கிற உரிமையில் மைனி வந்துவிட்டது. எனக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்ற கவலை தீர்ந்தது.

ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல், கையில் கரியோடு இரண்டு பேரும் ஏறினார்கள். வீரவநல்லூரில் ஒரு மெக்கானிக் ஷெட் வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் போனோம். வழி முழுக்கச் சத்தம் கூடவே வந்தது. பின்சீட்டில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் காரியம் கெட்டுவிடும்.

மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர். இரண்டு பேர் சொன்ன இரண்டு வியாதியையும் பொறுமையாகக் கேட்டார். முன்மூடியைத் திறக்கவேயில்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார்.

குறட்டை ஷெட் முழுக்க நிறைந்தது. டயருக்குக் காற்றடிக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். அதோடு விட்டிருந்தால் கூட, யாரோ எவரோ என்று தப்பித்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து என் குரலும் வந்தது. “ஏளா, கேட்டுக்கோ. ஒங்கப்பா குறட்டையே விடமாட்டாகளாம். இப்பம் மணி மூணு. இன்னும் நிறுத்தல.”

மெக்கானிக் பென் டிரைவை உருவி என் கணவரின் கரிக்கையில் வைத்தார். “வண்டி நல்லா இருக்கு ஸார். ஆளுதான் கொஞ்சம் சளி மருந்து சாப்பிடணும்.” கூலி எதுவும் வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

அம்பாசமுத்திரம் வரைக்கும் என் கணவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். காதுமடல் சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பு போய்ப் பாவமாகிவிட்டது. அந்நியர் முன்னால் ஒரு மனிதரை இப்படி நிறுத்தியிருக்க வேண்டாம். பாபநாசத்தில் இறங்கியதும் அவர் நேராகப் படித்துறைக்குப் போய், தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போகலாமா என்று யோசிப்பதற்குள் விருந்தாளி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மேல் படியில் நின்ற எங்களுக்குப் பேச்சு கேட்டது.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், வெளியில சொல்லப்பிடாது. லாஞ்சுல நான் ஒறங்குனா, எவன்லே என்ஜின அணைக்காமப் போனான்னு மத்தவனுவ எந்திச்சு வந்து பாப்பானுவ.”

என் கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். “நெசமாவா?”

“மாதா மேல சத்தியமா.”

“ஒங்களுக்கும் தெரியாதோ, நாம விடுதோம்னு?”

“நமக்கு எப்படித் தெரியும்? நாமதான் ஒறங்குதோம்லா.”

இரண்டு பேரும் அதை ஒரு பெரிய நியாயமாக ஒப்புக்கொண்டு தலையாட்டினார்கள். அதன் பிறகு மீனுக்குப் பொரி போட்டார்கள். பொரி தீர்ந்ததும், அத்தனை நாள் குளியலறையில் ஒத்திகை பார்த்த அந்தப் பேச்சின் ஒரு வரியைக்கூடச் சொல்லாமல், என் கணவர் கேட்டார்: “கல்யாணத்த ஒங்க கோயில்லயே வச்சிருவோமா? சாயங்கால வரவேற்ப எங்க ஊர்ல வச்சுக்கிடுதோம்.”

விருந்தாளி கையில் ஒட்டியிருந்த பொரித்தூளைத் தட்டினார். “அதக் கேக்கத்தான் நானும் பயந்துகிட்டுக் கெடந்தேன்” என்றார். “வரவேற்புல ஒங்க சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணட்டும். எங்க கோயில் சாமியாரும் வருவாரு.”

பக்கத்தில் நின்ற மைனி என் தோளில் இடித்தார். இரண்டு வீட்டுப் பெண்களும் மாசக்கணக்காக நெஞ்சில் வைத்துப் பொத்தியிருந்ததை, காலை நனைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைப் பிறகு தனியாகக் கவனித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

சொன்னபடியே கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். என் கணவரின் குறட்டை பற்றி எங்கள் வீட்டில் இப்போது விவாதம் இல்லை. “எல்லாரும் விடுததுதான்” என்பது புதுச் சட்டம்.

சம்மந்தி மட்டும் மாதம் ஒரு முறை தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். கேட்டால், வண்டியைப் பார்க்க வந்தேன் என்பார். இரண்டு பேரும் வாசலில் முன்மூடியைத் தூக்கிவைத்துக்கொண்டு அரை நாள் குனிந்து நிற்பார்கள். அப்புறம் கை கழுவிவிட்டு மீன்குழம்பு சாப்பிட உட்காருவார்கள். வண்டிக்கு இன்றுவரை ஒரு கோளாறும் வரவில்லை.