திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள்

லோர்னா கெட்டுனனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. காகித ஆலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். நான் அதே ஆலையில் உருளை சுற்றும் இயந்திரத்தில் இருந்தேன். ஆலையை மூடியபோது, வேறு தொழில் கற்க விரும்பியவர்களுக்கு மாநில அரசு எங்கள் ஊர்க் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தது. நான் கம்ப்யூட்டர் அறிவியலின் முதல் பாடத்தில் சேர்ந்ததற்குக் காரணம், வெல்டிங் வகுப்பில் இடம் தீர்ந்துவிட்டது என்பதுதான். லோர்னா கம்ப்யூட்டர் பாடத்தையே கேட்டு வாங்கிச் சேர்ந்தாள்.

முதல் நாள் பேராசிரியர் ஹால்வர்சன் ஆளுக்கொரு தாள் கட்டைக் கொடுத்தார். ஒன்பது பக்கம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. குரலை உயர்த்தாமல், ஒரு வரி விடாமல் வாசித்தார். பயிற்சிகளை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். தாமதத்துக்கென்று செமஸ்டர் முழுவதற்கும் நான்கு நாள் உண்டு, அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்த நான்கும் தீர்ந்த பிறகு எந்தக் காரணமும் எடுபடாது. ஒருவரோடொருவர் வாயால் பேசிக்கொள்ளலாம், ஆனால் இன்னொருவர் எழுதிய நிரலை, அதாவது புரோகிராமை, கண்ணால் பார்க்கக் கூடாது. அனுப்பிய எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் அது என்ன செய்கிறது என்று விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோருடைய நிரலையும் ஒரு மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கும், பெயர்களை மாற்றி எழுதினாலும் அதற்குத் தெரிந்துவிடும். கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் ஒரே தண்டனை: பாடத்தில் தோல்வி, கல்லூரி மேலிடத்துக்குக் கடிதம்.

கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. தவறு செய்தவர் மூன்று நாளுக்குள் தானாக வந்து சொன்னால் அந்தப் பயிற்சிக்கு மட்டும் பூஜ்யம். அதோடு முடிந்தது.

நான் பக்கத்தில் இருந்த லோர்னாவிடம் குனிந்து சொன்னேன். "என் கல்யாணத்துல கூட இவ்வளவு சத்தியம் வாங்கலை."

"அதனாலதான் அது நிலைக்கலை" என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அவள் முகம் வெளிறியிருந்தது.

"ஆலையில பாதுகாப்புப் புத்தகம் இருந்துச்சே, நினைவிருக்கா?" என்றாள். "அதுல ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் யாரோ ஒருத்தரோட விரல் போயிருக்கும். இதுலயும் அப்படித்தான், க்ளென். யாருக்கோ என்னவோ நடந்திருக்கு. இல்லைன்னா இப்படி எழுத மாட்டாங்க."

நான் சிரித்தேன்.

அவள் தன் கையாலேயே எழுதினாள். மெதுவாக வந்தது, ஆனால் வந்தது. செப்டம்பரில் அவள் கணவன் எட் என்பவனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அவளுடைய நான்கு தாமத நாட்களும் ஆஸ்பத்திரி நாற்காலியில் போயின. என் கதை வேறு. மூன்றாவது பயிற்சியிலிருந்து எல்லாவற்றையும் மினியாப்பொலிஸில் வேலை பார்க்கும் என் மகள் இங்ரிட் எழுதிக் கொடுத்தாள். "இந்த ஒரு தடவைதான், அப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

ஐந்தாவது பயிற்சி நவம்பர் முதல் வாரம் வந்தது. முப்பது வருடக் குளிர்காலக் குறிப்புகள் ஒரு கோப்பில் இருக்கும். எந்த வருடம் ஏரி இடைவிடாமல் அதிக நாள் உறைந்து கிடந்தது என்பதைப் புரோகிராம் கண்டுபிடிக்க வேண்டும். லோர்னாவின் புரோகிராம் ஓட ஆரம்பித்தால் நிற்கவே நிற்காது. ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை பதினொன்றே கால் வரை அவள் லேபில் உட்கார்ந்து அதோடு போராடினாள். உதடெல்லாம் கடித்துப் புண்ணாகியிருந்தது.

"முடியலை" என்றாள். "தாமத நாளும் இல்லை."

நான் என் திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் கேட்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் திருப்பினேன். அவள் முதலில் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். பதினான்கு வரி. பெயர்களை மட்டும் மாற்றினாள். நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது அனுப்பினாள். அனுப்பியதும் எழுந்து, கோட்டை மறந்துவிட்டு, பனியில் அப்படியே நடந்து போனாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் தேவாலயத்தில் லூட்டஃபிஸ்க் என்னும் மீன் விருந்து. ஊரே வந்திருந்தது. லோர்னா ஒவ்வொரு வருடமும் மீனுக்கு உருக்கிய வெண்ணெய் பரிமாறுவாள். அன்று என் மேசைக்கு வந்தபோது கெண்டியைச் சாய்த்தவள் நிமிர்த்த மறந்தாள், வெண்ணெய் மேசை விரிப்பெல்லாம் வழிந்தது. "ஜுரமா, லோர்னா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் துணி எடுக்கப் போனாள். திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பிக்கப் வண்டிக்குப் பனிக்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்."

"என்னத்தை?"

"என்னத்தைன்னு உனக்குத் தெரியும்."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "பதினாலு வரி. ஆலையில எத்தனை உருளையைக் கண்ணை மூடிட்டு அனுப்பியிருக்கோம்."

"நீ அனுப்பியிருப்ப. நான் அனுப்பினதில்லை."

"அந்த சாஃப்ட்வேர் அது இதுன்னு சொல்றதெல்லாம் சும்மா பயமுறுத்தறதுக்கு."

"பயமாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமையிலேருந்து எதுவும் உள்ள இறங்கலை. போன் அடிச்சா அவங்களோன்னு இருக்கு. எட்கிட்ட கூடச் சொல்லலை." குரலைத் தாழ்த்தினாள். "உன் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா நீயும் வாயேன். ரெண்டு பேருமாப் போயிடலாம். நாளைக்குப் பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருக்கு."

நான் மறுபடி ஸ்பேனரை எடுத்தேன். "நான் வர முடியாது."

"ஏன்?"

"அது நான் எழுதினது இல்லை. இங்ரிட் எழுதினது."

அவள் என்னையே பார்த்தாள். "எப்பலேருந்து?"

"மூணாவதிலேருந்து. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் தானா வந்து சொல்ற அந்த மூணு நாள் எப்பவோ போயிடுச்சு. இப்ப வாயைத் திறந்தா எல்லாம் வெளியே வரும்."

லோர்னா என் வண்டியின் பின்பக்கம் சாய்ந்து நின்றாள். நான் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அதையும் சொல்லிடு" என்றாள். "மொத்தத்தையும் சொல்லிட்டு, என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாம்."

"லோர்னா, தயவுசெஞ்சு போகாதே."

"நான் போகலைன்னாலும் அந்த சாஃப்ட்வேர் நம்மைக் கண்டுபிடிக்கும். போனா என்ன ஆகும்னு எழுதி வச்சிருக்காங்க. போகலைன்னா என்ன ஆகும்னும் எழுதி வச்சிருக்காங்க. இதுக்கு மேல ஒருத்தர் என்ன சொல்ல முடியும்?"

அவள் போன பிறகு ஒரு சக்கரத்தின் திருகுகளை மறுபடி மறுபடி முடுக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கல்லூரிக்குப் போனேன். உள்ளே போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில், வண்டியின் ஹீட்டரை ஓட விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நாற்பதுக்கு லோர்னா கட்டடத்துக்குள் போவதைப் பார்த்தேன். தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். தாள் கட்டு கையில் சுருட்டியபடி இருந்தது.

பதினொன்று பத்துக்கு வெளியே வந்து, நேராக என் வண்டிக்கு வந்து, கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன்.

"சொல்லிட்டேன். அந்தப் பயிற்சிக்குப் பூஜ்யம். மதிப்பெண் கிடைக்காது, ஆனா நானா ஒரு தடவை எழுதிப் பார்க்கணும்னு சொன்னாங்க."

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"யாரோடதுன்னு கேட்டாங்க. நான் செஞ்சதை நான் சொல்லணும்னுதான் தாள்ல இருக்கு, மத்தவங்க செஞ்சதைச் சொல்லணும்னு இல்லைன்னு சொன்னேன். அவங்க வற்புறுத்தலை. கடிகாரத்தைப் பார்த்தாங்க. அந்த ஆளுக்கும் பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருக்குன்னாங்க. அதுக்கப்புறம்தான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்களாம்." அவள் மூச்சு கண்ணாடிக்கு உள்ளே புகையாக வந்தது. "ஐம்பது நிமிஷம் இருக்கு, க்ளென்."

"உனக்கென்ன, உன் வேலை முடிஞ்சிடுச்சு" என்றேன்.

அவள் தன் காருக்குப் போனாள்.

புதன்கிழமை எனக்கு அழைப்பு வந்தது. பேராசிரியர் ஹால்வர்சன் என் நிரலை அச்சடித்து மேசையில் வைத்திருந்தார். "இந்த இரண்டாவது வரி என்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் நினைத்தது போல இருந்தது. எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. முதல் வரியைக் கேட்டார், அதுவும் தெரியவில்லை. பாடத்தில் தோல்வி. கடிதம் மேலே போனது. நான் கல்லூரியை விட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் சொல்லக் கஷ்டமானது. பழைய ஆலைக்காரர்கள் கூடும் மதுக்கடையில், லோர்னா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன். ஒரு முறை அல்ல. எங்கள் ஊரில் அது பெரிய வார்த்தை. முன்பு ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது காட்டிக்கொடுத்த ஒருவரின் பேரனை இன்றைக்கும் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். லோர்னா தேவாலயத்தில் உட்காரும் வரிசையில் ஆட்கள் குறைந்தார்கள். ஆலைக்காரர்களின் மனைவிகள் கடையில் அவளைக் கண்டால் தள்ளுவண்டியை வேறு பக்கம் திருப்பினார்கள். அவள் வீட்டுத் தபால் பெட்டியை யாரோ வண்டியால் இடித்துச் சாய்த்தார்கள். எட் மூன்று வாரம் சமையலறை விளக்கை அணைக்காமலே தூங்கினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அவள் யாரிடமும் எதையும் திருத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இங்ரிட் பெயர் வந்திருக்கும். ஒருவேளை அதற்காகத்தான் இருக்கலாம். நான் கேட்டதில்லை.

ஏரி உறைந்த கணக்கை அவள் டிசம்பரில் எழுதி முடித்தாள். அதற்கு ஐந்து வாரம் ஆனது. செமஸ்டர் முடிவில் பேராசிரியர் ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். லோர்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே விளக்கினாள் என்று லேபில் வேலை பார்த்த பையன் சொன்னான். சி ப்ளஸ் வாங்கினாள். அடுத்த பாடத்தில் பி. இப்போது மாவட்டச் சாலைத் துறையில் இருக்கிறாள். பனி வாரும் வண்டிகள் எந்தச் சாலைக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

நான் எரிவாயு லாரி ஓட்டுகிறேன். போன மார்ச்சில் பெட்ரோல் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அதெல்லாம் நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லியிருந்தேன். யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஒருவன் மட்டும், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு ஹாக்கி ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பினான். அதை அவளிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"கேள்விப்பட்டேன்" என்றாள். அவ்வளவுதான். காபிக் கோப்பையின் மூடியை அழுத்திச் சரி செய்தாள்.

"அன்னைக்கு உள்ளே போறப்ப உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

"அவங்க அறைக்கு வெளியே இருந்த குப்பைத் தொட்டியில வாந்தி எடுத்தேன். வயித்துல ஒண்ணும் இல்லை, வெறும் தண்ணி. குப்பைப் பையை எடுத்துக் கட்டி, கழிவறைத் தொட்டியில போட்டுட்டு, வாயைக் கழுவிட்டு வந்து கதவைத் தட்டினேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ வண்டியிலயேதான் இருந்தியா, கடைசி வரைக்கும்?"

"ஆமா" என்றேன்.

அது பொய். பதினொன்று ஐம்பதுக்கு நான் இறங்கினேன். படியேறி மாடிக்குப் போனேன். பேராசிரியரின் கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாருக்காகவோ காத்திருப்பது தெரிந்தது. நான் அந்தக் கதவைத் தாண்டி நடந்து, பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்துவிட்டேன்.